கடைசி அறைக்குள் போன பிள்ளைகள்

என்னைப் பேர் சொல்லி ஒருநாளும் கூப்பிடாமல் 'அம்மணி' என்றே கூப்பிட்ட என் பாக்கியண்ணனுக்கு,

நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது அண்ணா. இத்தனை நாள் உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றவில்லை. பேச வேண்டியதை ஜெபத்தில் பேசிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். இப்போது முழங்காலில் நின்றாலும் வாயில் வார்த்தை வரமாட்டேன் என்கிறது. உன்னோடு பேசுகிற மாதிரி எழுதினாலாவது நெஞ்சு கொஞ்சம் இறங்குமா என்று பார்க்கிறேன்.

முதலில் அண்ணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதைத்தான் நீ முதலில் கேட்பாய். சாராள் அண்ணி நன்றாக இருக்கிறார். போன மாசமும் ரத்தம் பார்த்தோம், ஒன்றும் இல்லை. கணபதியில் நீங்கள் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்தாகிவிட்டது. வீட்டுக்காரர் வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லை. அண்ணி குழாயடியில் குடம் வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள், அவ்வளவுதான். இப்போது துடியலூரில் அவருடைய அம்மாவோடு இருந்துகொண்டு மில்லுக்குப் போகிறார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் என் பக்கத்தில் உட்காருகிறார். உன்னைப் பற்றி நாங்கள் அதிகம் பேசிக்கொள்வதில்லை.

நான் எழுத உட்கார்ந்தது கலாமணியைப் பற்றி. ஆஸ்பத்திரியில் உன்னை முதன்முதலில் குளிப்பாட்டிவிட்ட பிள்ளை. கொடுமுடிக்காரப் பெண். ஒல்லியாக, உயரமாக இருப்பாளே, எதற்கோ நேரமாகிவிட்ட மாதிரி எப்போதும் முன்னால் சாய்ந்து நடப்பாளே, அவள்தான். அவளுக்கு என்ன நேர்ந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டும். முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததும் நடுவில் வரும், பொறுத்துக்கொள்.

ஆஸ்பத்திரி நர்சிங் பள்ளியில் தங்கச்சி டியூட்டர் என்று ஃபவுண்டரி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவாய். கரும்பலகையில் எழுதிப்போட்டுப் பிள்ளைகளைப் படிக்கவைக்கிற வேலை என்றுதான் நீ நினைத்திருந்தாய். அது பாதிதான். மீதிப் பாதி வார்டில். நரம்பு தேடி ஊசி போடுவது, படுக்கைப் புண் வராமல் புரட்டிவிடுவது, வலிக்காமல் கட்டுப் பிரிப்பது, இதெல்லாம் ஒரு மனுஷன் மேல் கை வைத்துத்தான் பழக வேண்டும். வேறு வழி கிடையாது.

இந்த நோய் வந்ததும் அந்த மீதிப் பாதி ஆட்டம் கண்டுவிட்டது. எங்கள் பாடப்புத்தகம் அச்சடித்த காலத்தில் எய்ட்ஸ் என்ற பேரே இருந்திருக்காது. வெளியூரில் நடந்த ஒரு பயிற்சியில் கொடுத்த தாள்களை நகலெடுத்து வைத்துக்கொண்டு நான் பாடம் எடுத்தேன். தொட்டால் பரவாது, கூட உட்கார்ந்து சாப்பிட்டால் பரவாது, இருமினால் இந்தக் கிருமி பரவாது. பரீட்சையில் எல்லோரும் சரியாக எழுதினார்கள். எழுதிவிட்டு வார்டுக்குப் போனால் இந்த நோயாளிகளுக்கென்று ஒதுக்கிய கடைசி அறையின் வாசலைத் தாண்ட மாட்டார்கள். சாப்பாட்டுத் தட்டைத் தரையில் வைத்துத் துடைப்பக் கட்டையால் உள்ளே தள்ளிய பெண்ணை நானே பார்த்தேன். அவள் கெட்ட பெண் இல்லை அண்ணா. பக்கத்து வார்டில் வயசானவர்களுக்குப் பொறுமையாகச் சோறு ஊட்டிவிடுகிறவள்.

பிள்ளைகளை மட்டும் எப்படிக் குறை சொல்வது? டாக்டர்களே வாசலில் நின்று கேஸ் சீட்டைப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். கையுறை ஆபரேஷன் தியேட்டருக்கே பற்றவில்லை. அங்கே மாட்டியதைக் கழுவி, கொடியில் காயப்போட்டு, பவுடர் தடவி மறுபடியும் மாட்டினார்கள். அவர்கள் கழித்துப்போட்டது எங்களுக்கு வரும். விரல் நுனியில் ஓட்டை இருக்கும். ஸ்டோரில் போய் நின்றால், "இருந்தாக் குடுக்க மாட்டேனுங்களா மேடம்?" என்பார் அங்கே இருப்பவர். அவர் சொல்வது உண்மைதான்.

பெற்றோர்கள் வர ஆரம்பித்தார்கள். எங்கள் பிரின்சிபால் அம்மா என்னைக் கூப்பிட்டு, "அந்த ரூமுக்கு நம்ம பிள்ளைங்க வேண்டாம் ரோசலின். பெத்தவங்களுக்கு நான் பதில் சொல்லணும்" என்றார்.

"இவங்க படிச்சு முடிச்சுட்டு எந்த ஊரு ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அங்க இந்த நோயாளிங்க இருப்பாங்களே மேடம். அப்ப என்ன பண்ணுவாங்க?"

"அப்பப் பாத்துக்கலாம்" என்றார். அவர் கல்நெஞ்சுக்காரர் இல்லை. அவருக்கும் இரவெல்லாம் தூக்கமில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. கெஞ்சிக் கேட்டு, அந்தப் பருவம் முடிகிற வரைக்கும் ஒரு வாய்ப்பு வாங்கினேன்.

வாய்ப்பு கிடைத்தும் யாரை வைத்துச் சொல்லிக்கொடுப்பது? கடைசி அறையில் படுத்திருந்தவர்களிடம் போய், பிள்ளைகள் உங்களைப் பார்த்துக்கொள்ளப் பழக வேண்டும், சம்மதமா என்று கேட்டேன். ஒருவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இன்னொருவர், "எங்கூர்ப் புள்ளை ஒண்ணு அதுல இருந்துதுன்னா என்ற குடும்பம் என்னாகறதுங்க?" என்றார். அதற்குமேல் நான் யாரையும் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நீ வந்தாய்.

மணலில் அச்செடுத்து, கொதிக்கிற இரும்பை ஊற்றிப் பம்பு வார்த்த உடம்பு உன்னுடையது. சட்டைக்குள் ஆள் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி ஆகிவிட்டிருந்தது. இருமல் என்றுதான் சொன்னாய். எக்ஸ்ரேயில் காசநோய் தெரிந்தது. பிறகு ரத்தத்தை அனுப்பினார்கள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு நாற்காலியைக் காட்டியபோதே எனக்குப் புரிந்துவிட்டது. எல்லோரும் எப்படி வந்தது, எப்படி வந்தது என்று கேட்டார்கள். கையில் அடிபட்டபோது வெளியே வாங்கி ஏற்றிய ரத்தமா, பம்பு லோடோடு வடக்கே போய்வந்த வருஷங்களா? நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. இப்போதும் கேட்கப்போவதில்லை.

உன்னைக் கடைசி அறைக்கு மாற்றிய அன்று நான் உன் தலைமாட்டில் நின்று பிள்ளைகளைக் கூட்டிவரட்டுமா என்று கேட்டேன். நீ என்ன சொன்னாய் என்று ஒரு எழுத்து விடாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"அந்தப் புள்ளைகள இங்க கூட்டியாராத அம்மணி. சின்னப் புள்ளைக. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

"தொட்டா வராதுண்ணா."

"வராதுன்னு உனக்குத் தெரியும். அதுகளுக்குத் தெரியோணுமல்ல?"

"அதுக்குத்தாண்ணா கூட்டியாரேங்கறேன்."

நீ கண்ணை மூடிக்கொண்டாய். அடுத்த நாள் நான் கஞ்சி கொண்டுவந்தபோது நீயாகவே பேச்சை எடுத்தாய். "சரி, கூட்டியா. ஆனா எம் மூஞ்சியப் பாத்துப் பேசச் சொல்லு. சீட்டப் பாத்துப் பேச வேண்டாம்."

அந்தக் காலை வேளை என் கண்ணிலேயே நிற்கிறது. வெள்ளைச் சீருடையில் பிள்ளைகள் சுவரோடு சுவராக ஒட்டி நின்றார்கள். சிலர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது எனக்குத் தெரிந்தது. நான் தண்ணீரைக் கலந்தேன், துண்டைப் பிழிந்தேன், உன் முகத்தைத் துடைத்தேன். "இவரு பேரு பாக்கியநாதன். என்னோட அண்ணன்" என்றேன். அது அவர்களுக்கு முன்னாடியே தெரியும். இருந்தாலும் நான் வாயால் சொன்னதும் ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள். "அடுத்து யாரு வர்றீங்க?" என்றேன். யாரும் வரவில்லை. என் கையில் துண்டு ஆறிக்கொண்டிருந்தது. நீ ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாய். உன்னைக் கொண்டுவந்து இப்படிக் காட்சிக்கு வைத்துவிட்டேனே என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

கலாமணிதான் வந்தாள். என் கையிலிருந்த துண்டை வாங்கி மறுபடியும் வெந்நீரில் முக்கிப் பிழிந்தாள். உன் முகத்தைப் பார்த்து, "ஏனுங்கண்ணா, சூடு போதுங்களா?" என்றாள்.

நீ தொண்டையைச் செருமிவிட்டு, "இன்னுங் கொஞ்சம் சூடா இருந்தாலும் பரவால்லீங்க" என்றாய். உன் வயசுக்கு அவளைப் போய் 'ங்க' போட்டுப் பேசினாய். அதைக் கேட்டுப் பின்னால் நின்ற ஒரு பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தவள் முன்னால் வந்து வாளியைப் பிடித்தாள். அப்புறம் இன்னொருத்தி.

அதன் பிறகு நீ இருந்த நாட்களில் அவர்களை நான் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. தாங்களாகவே வந்தார்கள். மற்ற கட்டிலில் இருந்தவர்களையும் பார்த்துக்கொண்டார்கள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர்கூடத் திரும்பினார். நீ போன அன்று உன்னைக் கழுவித் துணி கட்ட ஆஸ்பத்திரி ஆள் வரமாட்டேன் என்றபோது, பிள்ளைகள்தான் எனக்கும் அண்ணிக்கும் கூட நின்றார்கள். பெட்டியைத் தூக்க ஃபவுண்டரியிலிருந்து உன் சேக்காளிகள் டெம்போ எடுத்துக்கொண்டு வந்தார்கள். சர்ச் ஆட்கள் கொஞ்சம் தள்ளியே நின்றார்கள். எனக்கு அன்றைக்கு யார் மேலும் கோபம் வரவில்லை. இந்தப் பிள்ளைகள் கற்றுக்கொண்டுவிட்டார்கள் என்ற ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் கல்லறையிலிருந்து வீட்டுக்கு நடந்தேன்.

கற்றுக்கொண்டார்களா? அதைத்தான் இப்போது உன்னிடம் கேட்கிறேன்.

பருவம் முடிந்த பிறகும் பிரின்சிபால் அம்மா தடுக்கவில்லை, பிள்ளைகள் அந்த அறைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். கலாமணிக்கு நடந்தது நீ போய்ச் சில மாதங்கள் கழித்து, அதே அறையில், நல்ல பகல் வேளையில். காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்த ஒரு நோயாளிக்கு சலைன் ஏறி முடிந்திருந்தது. அவள் ஊசியை முறைப்படிதான் உருவினாள். நான் அடுத்த கட்டிலில் இன்னொரு பிள்ளைக்குக் கட்டுப் பிரிக்கக் காட்டிக்கொண்டிருந்தேன். பழைய ஊசிகளைப் போடுவதற்கு எங்களிடம் இருந்தது ஒரு பிஸ்கட் டின். அது விளிம்பு வரைக்கும் நிறைந்திருந்தது. போட இடமில்லாமல் அவள் ஊசிக்கு மூடியை மாட்டப் போனாள். அந்த நேரம் பார்த்து அந்த மனுஷன் கையை உதறினார்.

அவள் கத்தவில்லை. என் பக்கத்தில் வந்து நின்று, மெதுவாக, "மேடம், குத்திருச்சுங்க" என்றாள்.

குழாயடிக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன். சோப்புப் போட்டுக் கழுவினேன், கழுவிக்கொண்டே இருந்தேன். கட்டைவிரலுக்குக் கீழே ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி. கழுவக் கழுவ அது மறையாதா என்று பார்த்தேன். "இப்ப என்ன பண்றதுங்க மேடம்?" என்று கேட்டாள். மூன்று வருஷமாக அவள் கேட்ட எந்தக் கேள்விக்கும் எனக்குப் பதில் தெரியாமல் இருந்ததில்லை. அன்றைக்குத் தண்ணீர் ஓடுகிற சத்தம்தான் பதில்.

டாக்டர் ஒரு மாத்திரையின் பெயரைச் சொன்னார். உடனே சாப்பிட்டால் ஒருவேளை தடுக்கலாம், நம் ஊர்க் கடைகளில் கிடையாது, மெட்ராஸில் கேட்டுப்பார்க்கிறேன் என்றார். அங்கேயும் கிடைக்கவில்லை. ரத்தத்தை இப்போது ஒரு முறை, மூன்று மாதம் கழித்து ஒரு முறை, ஆறு மாதத்தில் ஒரு முறை பார்க்க வேண்டும். அதுவரைக்கும் காத்திருக்க வேண்டும். ஒரு பத்தொன்பது வயசுப் பெண்ணைக் காத்திரு என்று சொல்லிவிட்டு நாங்கள் எல்லோரும் எங்கள் வேலையைப் பார்க்கப் போனோம்.

இதற்கு அடுத்து நடந்ததுதான் என்னை உடைத்துப் போட்டது அண்ணா.

ஹாஸ்டலில் சேதி பரவியது. மறுநாள் மத்தியானம் நான் மெஸ் பக்கம் போனேன். கலாமணி ஒரு மூலையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் தட்டின் அடியில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டிருந்தது. அவள் கட்டிலையும் அறையிலிருந்து எடுத்து மாடிப்படிக்குக் கீழே போட்டிருந்தார்கள். செய்தது யார் என்று நினைக்கிறாய்? உன் வாளியைப் பிடித்த பிள்ளைகள். உன் முதுகைத் துடைத்துவிட்ட பிள்ளைகள்.

அவர்களைக் கூப்பிட்டு நிறுத்தினேன். "எங்கண்ணனைத் தொட்டுக் குளிப்பாட்டுனீங்களே. இவளை ஏன் தள்ளி வெச்சீங்க?" என்று கேட்டேன்.

ஒருத்தி, நிஜமாகவே எனக்குப் புரியவைக்க வேண்டும் என்கிற மாதிரி, தாழ்ந்த குரலில் சொன்னாள்: "அவரு பேஷண்டுங்க மேடம். டூட்டி முடிஞ்சா நாங்க கையக் கழுவிட்டு ரூமுக்கு வந்துருவோம். இவ எங்க ரூம்லயே இருக்காளுங்களே."

என்னிடம் பாடம் இருந்தது, தாள்கள் இருந்தன, எல்லாவற்றையும் மறுபடியும் சொன்னேன். தலையாட்டினார்கள். கட்டில் மாடிப்படிக்குக் கீழேயே கிடந்தது. நானே ஒரு பக்கம் பிடித்து இழுத்தேன். மறுபக்கம் பிடிக்க ஆள் இல்லை. கலாமணி வந்து, "உட்டுருங்க மேடம், எனக்கு இங்கியே இருக்கட்டும்" என்றாள்.

அந்த வாரமே அவள் அப்பா வந்தார். கொடுமுடியில் கோயில் வாசலில் தேங்காய் பழக்கடை வைத்திருப்பவர். தோளில் துண்டு, கையில் மகளுக்கு ஒரு பை நிறைய வாழைப்பழம். விஷயம் அவருக்கு யார் மூலமாகவோ தெரிந்திருந்தது. சண்டை போடுவார் என்று தயாராக நின்றேன். அவர் கை கூப்பினார்.

"ஏனுங்க டீச்சர், உங்கள நம்பித்தானுங்களே என்ற புள்ளைய உட்டுப்போட்டுப் போனேன். உங்க பொண்ணா இருந்தா அந்த ரூமுக்கு அனுப்பியிருப்பீங்களா? சொல்லுங்க. கோவமாக் கேக்கலீங்க. தெரிஞ்சுக்கோணுமுன்னுதானுங்க கேக்கறேன்."

"எங்கண்ணன் அங்கதானுங்க இருந்தாரு" என்றேன். சொன்ன பிறகு, அவர் கேட்டதற்கு அது பதில் இல்லை என்று எனக்கே தெரிந்தது.

"ஊருக்குத் தெரிஞ்சுதுன்னா எங்கடையில யாருங்க சாமிக்குத் தேங்கா வாங்குவாங்க?" என்று மட்டும் சொன்னார். மகளின் டிரங்குப் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு நடந்தார். கலாமணி பின்னால் போனாள். அவள் நிமிர்ந்து நடந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அவசரமே இல்லாமல் போனாள்.

பிறகு ஒவ்வொருவராக வந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். சிலர் கல்யாணம் என்றார்கள், சிலர் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றார்கள். இறுதியாண்டு வகுப்பில் பாதிக்குப் பாதி காலி. மீதி இருந்தவர்களின் பெற்றோர் கேட்ட ஒரே உத்தரவாதம், கடைசி அறைக்கு அனுப்பக் கூடாது என்பது. பிரின்சிபால் அம்மா ஆணை போட்டுவிட்டார். இந்த முறை என்னைக் கூப்பிட்டுக் கேட்கக்கூட இல்லை. நானும் போய்ச் சண்டை போடவில்லை. எதைச் சொல்லிச் சண்டை போடுவது?

மூன்றாம் மாதம் முடிகிற சமயம் கொடுமுடிக்குப் போனேன். ஈரோட்டில் பஸ் மாறி, காவிரியை இடது பக்கம் பார்த்துக்கொண்டே போனேன். கலாமணியின் அம்மா என்னை உட்காரவைத்து மோர் கொடுத்தார். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. "அவ பின்னால இருக்காளுங்க" என்றார்.

பின்கட்டில் ஒரு சின்ன அறை. அவளுக்கென்று தனிச் சொம்பு, தனித் தட்டு, தனிப் பாய். தலை சிக்குப் பிடித்துக் கிடந்தது. எண்ணெய் வைத்து வெகு நாளாகியிருக்கும். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, பழக்கத்தில், "குட்மார்னிங் மேடம்" என்றாள். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போல் இருந்தது.

"உங்கண்ணனத் தொட்டப்ப எனக்குக் கொஞ்சங்கூடப் பயமில்லீங்க மேடம். ஊசி குத்துனப்பக்கூட அவ்வளவு இல்லீங்க. எங்கம்மா சோத்துத் தட்டக் கீழ வெச்சுப்போட்டுத் தள்ளிப் போய் நின்னாங்க பாருங்க, அப்பத்தான் பயம் வந்துச்சு" என்றாள்.

நான் சீப்பும் எண்ணெயும் கேட்டேன். அவளை முன்னால் உட்காரவைத்துத் தலையைப் பிரித்தேன். சிக்கு எடுக்க எடுக்க அவள் உடம்பு தளர்ந்து என் முழங்காலில் சாய்ந்தது. அத்தனை நாளாக யாரும் அவளைத் தொடவில்லை அண்ணா. தொடாமல் வைத்திருந்தால் ஒரு பிள்ளை எப்படி ஆகிவிடும் என்று எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. அவள் அம்மா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். நான் வாரினேன், அவர் பார்த்தார். பிறகு உள்ளே வந்து, "குடுங்க டீச்சர். அவளுக்கு எடது பக்கம் வகிடு எடுத்தாத்தான் படியும்" என்று சீப்பை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். கலாமணி திரும்பிப் பார்க்கவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

மூன்றாம் மாத ரத்தத்தில் ஒன்றும் இல்லை. ஆறாம் மாதத்துக்காக எல்லோரும் மறுபடியும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். போன வாரம் வந்தது. அதிலும் இல்லை. லேபிலிருந்து சீட்டை வாங்கிக்கொண்டு பெண்கள் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நீ போனபோது வராத அழுகை எல்லாம் சேர்த்து வந்தது. அப்படியே கொடுமுடிக்கு பஸ் ஏறிவிட்டேன்.

அவள் அப்பா சீட்டை வாங்கி, படிக்கத் தெரியாத ஆங்கிலத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். "ஒண்ணுமில்லீங்களா? நெசமாலுமே ஒண்ணுமில்லீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். கலாமணியின் அம்மா மகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவே இல்லை. எனக்கு இலை போட்டார்கள். பாயசம் வைத்தார்கள்.

அந்தச் சந்தோஷத்தை நம்பி நான் வாயைத் திறந்தேன். "இன்னும் கடைசிப் பரீட்சைதானுங்க பாக்கி. இவளாட்டம் கை வராதுங்க எல்லாருக்கும். அனுப்பி வையுங்க" என்றேன்.

கலாமணி என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண்ணில் ஆசை இருந்தது. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

அவள் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "நீங்க ஊடு தேடி ரெண்டு தடவ வந்துபோட்டீங்க. உங்க பேச்சத் தட்ட முடியாதுங்க டீச்சர். ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. இனி இப்படி ஆவாதுன்னு சொல்லுங்க. இன்னைக்கே உங்ககூட அனுப்பிப்போடறேன்."

ஆவாது என்று சொல்வதற்கு எனக்கு எத்தனை ஆசை இருந்தது தெரியுமா? ஒரு வார்த்தைதானே. சொல்லியிருந்தால் அவள் என்னோடு பஸ்ஸில் வந்திருப்பாள். ஆனால் என் கண்ணுக்கு முன்னால் அந்தப் பிஸ்கட் டின் நின்றது. ஓட்டைக் கையுறை நின்றது. கடைசி அறைக்கு அனுப்ப மாட்டேன் என்று சொல்லித் தப்பிக்கலாமா என்றும் யோசித்தேன். எந்த அறையில் யாருக்கு இந்த நோய் இருக்கிறது என்று யார் கண்டது? பிரசவத்துக்கு வருகிறவளுக்கு இருக்கலாம். சைக்கிளில் விழுந்து தையல் போட வருகிறவனுக்கு இருக்கலாம்.

"சொல்ல முடியாதுங்க" என்றேன்.

அவர் தலையாட்டினார். "பொய் சொல்லிக் கூட்டிட்டுப் போகாம இருந்தீங்களே, அது போதுமுங்க" என்று கை கூப்பினார். "என்ற பொண்ண உட்டுருங்க."

கலாமணி பஸ் நிறுத்தம் வரைக்கும் என்னோடு நடந்துவந்தாள். அவளுக்கு நான் சமாதானம் சொல்ல நினைத்தேன், அவள் எனக்குச் சொல்ல நினைத்தாள் போல. பஸ் வந்ததும், "போயிட்டு வாங்க மேடம்" என்றாள். ஜன்னல் வழியாக நான் திரும்பிப் பார்த்தபோது தெரு முனையில் நின்றுகொண்டிருந்தாள்.

இன்றைக்குக் காலையில் முதலாண்டுப் பிள்ளைகள் புதிதாக வந்து உட்கார்ந்தார்கள். எண்ணெய் வழியத் தலை வாரி, ரிப்பன் கட்டி, பயந்த கண்ணோடு. ஒவ்வொருத்தியும் எழுந்து ஊர்ப் பேர் சொன்னாள். அந்தியூர், காங்கேயம், சூலூர். எனக்கு அவர்களைப் பார்க்கவே முடியவில்லை. இவர்களை எங்கே கூட்டிக்கொண்டு போகப்போகிறேன்? கூட்டிக்கொண்டு போகாவிட்டால் இவர்கள் என்ன நர்ஸ்? கூட்டிக்கொண்டு போய் ஒன்று ஆகிவிட்டால் நான் என்ன மனுஷி? வேலையை விட்டுவிடலாமா என்று துடியலூர் வீட்டுக்குப் போய் அண்ணியிடம் கேட்டேன். அவர் மில்லுக்குப் போகிற அவசரத்தில் டிபன் டப்பாவை மூடிக்கொண்டே, "நீ உட்டுப்போட்டா அந்த ரூமுக்கு யாரு போவாங்க கண்ணு?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

யாரும் போவதில்லை அண்ணா. அதுதான் நிலைமை. மாணவிகள் இல்லாததால் ஆயாக்களும் போவதில்லை. வகுப்பு முடிந்ததும் நான் போகிறேன். இன்றைக்கு அங்கே மூன்று பேர் படுத்திருக்கிறார்கள். ஒருவருக்குப் படுக்கைப் புண் எலும்பு தெரிகிற அளவுக்கு வந்துவிட்டது. தனியாகப் புரட்ட எனக்கு பலம் போதவில்லை. புரட்டும்போது அவருக்கு வலிக்கிறது. அவர் அழுகிறார், நானும் அழுதுகொண்டே புரட்டுகிறேன். உலகம் முழுக்க இந்த நோய் பரவிக்கொண்டிருக்கிறது என்று பேப்பரில் போடுகிறார்கள். எனக்கு அவ்வளவு பெரிய உலகம் தெரியாது. இந்த ஒரு அறைக்கே என்னால் முடியவில்லை.

அந்த அப்பாவுக்குக் கொடுக்க முடியாத வார்த்தையை உனக்கும் கொடுக்க முடியாது. வேறொன்று தருகிறேன். பயப்பட ஒன்றுமில்லை என்று இனி ஒரு பிள்ளைக்கும் நான் பாடம் எடுக்க மாட்டேன். பயம் இருக்கும், கை நடுங்கும், நடுங்குகிற கையோடுதான் ஊசியைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பேன். நாளைக்குப் பிரின்சிபால் அம்மா அறைக்குப் போய், பழைய ஊசிகளைப் போடுவதற்கு ஒழுங்கான டப்பாவும் ஓட்டையில்லாத கையுறையும் வருகிற வரைக்கும் அங்கேயே நிற்பேன். அது வந்த அன்றைக்குத்தான் புதுப் பிள்ளைகளைக் கேட்பேன். அதுவரைக்கும் அந்த மூன்று பேரையும் நான் ஒருத்தியே பார்த்துக்கொள்வேன். முடியுமா என்று கேட்காதே. முடியாது என்றுதான் தோன்றுகிறது. ஆனாலும் செய்வேன்.

என்றைக்கும்,
உன் ஒரே தங்கச்சி,
ரோசலின்.